மத்தியான வெயிலில் மட்டும் நீலத்திரை: பழைய ஐ5-ஐ ஓவர்கிளாக் செய்தவர்களுக்கு அறிகுறி வாரியாக வழி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்குப் பின்பக்கம், செம்பனைத் தோட்டம் தொடங்குகிற இடத்தில், இன்னும் ஒரு வரிசை பழைய லயத்து வீடுகள் இருக்கின்றன. அதில் ஒரு வீட்டுத் தம்பி கோயில் திருவிழா, கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவர். ஈப்போவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கோர் ஐ5 2500கே பிராசசர், இசட்77 போர்டு, 8 ஜிபி ரேம். ரெண்டர் (வெட்டி ஒட்டிய வீடியோவை முழுக் கோப்பாக எழுதுகிற வேலை) சீக்கிரம் முடிய வேண்டும் என்று யாரோ சொன்ன செட்டிங்கை அப்படியே எடுத்து 4.5 கிகாஹெர்ட்ஸ் வைத்துவிட்டார். ஒரு நாள் என்னிடம் வந்து, "அண்ணே, ராத்திரி முழுக்க ஓடுது, ஒண்ணும் ஆகல. மத்தியானம் மூணு மணிக்கு மேல போட்டா மட்டும் நீலமா வந்து நின்னுடுது" என்றார்.

அவர் சொன்ன அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. ஓவர்கிளாக் செய்த, அதாவது பிராசசரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிற மெஷின் எப்போது விழுகிறது என்று கவனித்தால் ஏன் விழுகிறது என்பது தானாகத் தெரிய வரும். லோடு, அதாவது கனமான வேலை கொடுக்கும்போதா, சும்மா இருக்கும்போதா, காலையில் முதல் தடவை ஸ்விட்ச் போடும்போதா, தூங்கி எழும்போதா, வெயில் நேரத்திலா? இதைப் பார்க்காமல், நீலத்திரை வந்ததும் வோல்டேஜை ஏற்று, மறுபடி வந்தால் மறுபடி ஏற்று என்று போகிறவர்கள்தான் அதிகம். பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த பிராசசரை அப்படிப் படுத்த வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது பெரும்பாலும் 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜ், 2012-ல் வந்த ஐவி பிரிட்ஜ் பிராசசர்களுக்கு, அதாவது 2500கே, 2600கே, 3570கே, 3770கே போன்றவற்றுக்கு. அதற்கும் முந்தைய கோர் 2 குவாட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் கீழே இருக்கிறது.

எதையும் தொடுவதற்கு முன்னால்

பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் போர்டின் அமைப்புகளை மாற்றுகிற திரைக்குள்) போய் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். மல்டிப்ளையர், பேஸ் கிளாக் (இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் பிராசசரின் வேகம்), வோல்டேஜ், ரேம் வேகம், ரேம் வோல்டேஜ், எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். அப்புறம் "லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்" போட்டு எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். எக்ஸ்எம்பி (ரேமை அதன் கம்பெனி குறித்த கூடுதல் வேகத்தில் ஓட்டுகிற அமைப்பு) இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். இந்த நிலையில் ஒரு முழு நாள், முக்கியமாக ஒரு முழு மத்தியானம், வழக்கமான வேலையைக் கொடுத்து ஓட்டுங்கள்.

டிஃபால்ட்டிலேயே விழுந்தால் உங்கள் பிரச்சினை ஓவர்கிளாக்கில் இல்லை. ரேம், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை, போர்டு, இவற்றில் ஒன்று போயிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் வேகத்தைப் பற்றி யோசிப்பதில் பலனே இல்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஒரு வாரத்தை வீணடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், அறை வெப்பம், என்ன மாற்றினீர்கள், எத்தனை நிமிடத்தில் விழுந்தது என்று எழுதுங்கள். மூன்றை மாற்றிவிட்டு நன்றாக ஓடினால் எது காப்பாற்றியது என்று தெரியாது, விழுந்தால் எது கெடுத்தது என்றும் தெரியாது. முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டே தொடங்குங்கள், நிலையில்லாத பிராசசர் கோப்பையும் கெடுக்கும்.

ஸ்விட்ச் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை

பயப்பட வேண்டாம். நீங்கள் வைத்த செட்டிங்கில் போர்டால் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். சில போர்டுகள் இரண்டு மூன்று தடவை தானாக அணைந்து எரிந்து, பிறகு டிஃபால்ட்டுக்கு வந்துவிடும், அதற்கு ஒரு நிமிடம் பொறுங்கள். வரவில்லை என்றால் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, போர்டில் இருக்கிற கிளியர் சிமாஸ் ஜம்பரை மாற்றிப் போடுங்கள். ஜம்பர் எங்கே என்று தெரியாவிட்டால் அந்த வட்ட பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

கையோடு கையாக அந்த பேட்டரியையும் மாற்றிவிடுவது நல்லது. சிஆர்2032 என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும், 3 வோல்ட். பழைய பேட்டரி தேய்ந்துபோனால் கரண்ட் போகும்போதெல்லாம் பயாஸ் செட்டிங்கும் தேதியும் அழிந்துபோகும். ஓவர்கிளாக் "தானாகப் போய்விடுகிறது" என்று சொல்கிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

அப்படியும் படம் வராவிட்டால் ஒரே ஒரு ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் வருகிறது, ரெண்டரோ கேமோ போட்டதும் நீலத்திரை

இதுதான் பெரும்பாலானவர்களுக்கு வருவது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் நீலத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிட்டால், சிஸ்டம் ப்ராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரிக்குள் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 7-ல் நீண்ட எண் வரும், அதன் கடைசி இலக்கங்களைப் பாருங்கள். விண்டோஸ் 10-ல் பெரும்பாலும் பெயரே வரும்.

101 என்று முடிந்தால், அல்லது "க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்" என்று வந்தால், ஒரு கோர் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்று பொருள். இந்தப் பழைய பிராசசர்களில் அது அநேகமாகக் கோர் வோல்டேஜ் போதவில்லை என்பதன் அடையாளம். 124 என்று வந்தால், அதாவது "டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எர்ரர்", அதுவும் சாண்டி பிரிட்ஜில் பெரும்பாலும் கோர் வோல்டேஜ் பக்கம்தான் கை காட்டும், ஆனால் ரேமை வேகமாக ஓட்டினால் மெமரி கண்ட்ரோலருக்குப் போகிற விசிசிஐஓ வோல்டேஜ் குறைவதாலும் இதே எண் வரலாம். கடைசியில் 1ஏ வந்து "மெமரி மேனேஜ்மெண்ட்" என்றோ, 50 வந்து "பேஜ் ஃபால்ட்" என்றோ இருந்தால் முதலில் ரேமைச் சந்தேகப்படுங்கள். எஃப்4, 7ஏ வந்தால் ஹார்ட் டிஸ்க், அதன் சாட்டா கேபிள். இவற்றைச் சட்டம் மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள், எங்கே முதலில் தேட வேண்டும் என்று சொல்கிற வழிகாட்டிப் பலகை மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் நம்பலாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்தால் ரேமைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, பிராசசரைக் கணக்குப் போட வைத்துச் சோதிக்கிற பிரைம்95 மென்பொருளில் "ஸ்மால் எஃப்எஃப்டி" ஓட்டுங்கள். இது ரேமை அதிகம் தொடாமல் கோர்களை மட்டும் வாட்டும். நான்கு கோருக்கு நான்கு வொர்க்கர் ஓடும். நடுவில் ஒன்று நின்று, "ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4-க்குக் குறைவாக இருக்க வேண்டும்" என்று எழுதினால், அந்தக் கோர் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டது என்று பொருள். விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், மெளஸ் நகரும், பாட்டுக்கூடப் பாடும், ஆனால் கணக்கு தப்பு. அதைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். எப்போதும் அதே வொர்க்கர்தான் நிற்கிறது என்றால் நான்கில் அதுதான் பலவீனமான கோர், கொஞ்சம் வோல்டேஜ் கேட்கிறது.

"கொஞ்சம்" என்றால் 0.010 அல்லது 0.015 வோல்ட். அதற்கு மேல் ஒரே தாவலாகத் தாவாதீர்கள். ஏற்றிய பிறகு மறுபடி ஸ்மால் எஃப்எஃப்டி, இந்தத் தடவை பத்து நிமிடத்தில் விழுந்தது நாற்பது நிமிடம் தாங்கினால் சரியான வழியில்தான் போகிறீர்கள். ஏற்றியும் அதே பத்து நிமிடம் என்றால், அல்லது முன்னைவிடச் சீக்கிரம் விழுந்தால், உங்கள் பிரச்சினை வோல்டேஜ் இல்லை, சூடு. அங்கேயே நிறுத்திவிட்டுக் கீழே உள்ள பகுதிக்குப் போங்கள்.

பிரைம்95-ல் பதிப்பைக் கவனியுங்கள். 27-ஆம் வரிசை முதல் ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்குக் கட்டளைகளைப் பயன்படுத்துகிறது, சாண்டி பிரிட்ஜை அது பயங்கரமாகச் சூடாக்கும். 26.6 பதிப்பில் அது கிடையாது. வெறும் அலுவலக வேலைக்கும் பழைய கேமுக்கும் 26.6 போதும், வீடியோ என்கோடிங் செய்கிறவர்கள் ஏவிஎக்ஸ் பதிப்பிலும் தாங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் மென்பொருள் அதே கட்டளைகளைப் பயன்படுத்தலாம்.

லோடு வரும்போது வோல்டேஜ் இறங்குவதையும் பார்க்க வேண்டும். பயாஸில் 1.320 வைத்திருப்பீர்கள், பிராசசர் விவரம் காட்டுகிற சிபியு-இசட்டைத் திறந்து லோடில் பார்த்தால் 1.256 காட்டும். அந்த இறக்கம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது, பழுது இல்லை. ஆனால் மிக அதிகமாக இறங்கினால் லோடு கொடுத்த அந்த நொடியே விழும். "லோட் லைன் கேலிப்ரேஷன்" என்ற அமைப்பு அதைக் குறைப்பதற்குத்தான். நடுநிலையில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் லோடில் வோல்டேஜ் இறங்குவதற்குப் பதில் ஏறும், லோடு விலகும் நொடியில் இன்னும் துள்ளும், அந்தத் துள்ளல் சிபியு-இசட்டில் தெரியவே தெரியாது. நான் தினசரி ஓட்டத்துக்கு 32 நானோமீட்டர் சாண்டி பிரிட்ஜில் 1.35 வோல்ட்டைத் தாண்டுவதில்லை. நம் ஊர் வெயிலில் அதற்கும் கீழே நின்றால் இன்னும் நல்லது.

மத்தியானம் மட்டும் விழுகிறது, இரவில் சமர்த்தாக ஓடுகிறது

அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். கூரை தகரம், உட்கூரை இல்லை. ஒரு சாதாரண வெப்பமானியை மேசை மேல் வைத்தோம், மூன்று மணிக்கு 35 டிகிரி. இரவு பதினொன்றுக்கு அதே இடத்தில் 26. ஒன்பது டிகிரி வித்தியாசம். காற்றால் குளிர வைக்கிற ஹீட்சிங்க், அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்காது, அறை ஒன்பது டிகிரி ஏறினால் கோரும் ஏறக்குறைய ஒன்பது டிகிரி ஏறும். அதோடு, சூடு ஏற ஏற பிராசசருக்கு அதே வேகத்தில் நிற்கக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும், வோல்டேஜ் ஏற்றினால் சூடு இன்னும் ஏறும். இரவு 26 டிகிரியில் எட்டு மணி நேரம் பிரைம் ஓட்டி "ஸ்டேபிள்" என்று முடிவு செய்த செட்டிங் மத்தியானம் நிற்காததற்கு இதுதான் காரணம். குளிர் நாட்டுக்காரர் ஒருவர் ஜன்னலைத் திறந்து வைத்து 18 டிகிரி அறையில் கண்டுபிடித்த எண்களை நாம் அப்படியே எடுத்து இங்கே வைத்தாலும் இதே கதிதான்.

கோரின் வெப்பத்தைக் காட்டுகிற எச்டபிள்யூ இன்ஃபோ அல்லது கோர் டெம்ப் போட்டுப் பாருங்கள். 2500கே-வுக்கு எல்லை 98 டிகிரி. அதைத் தொட்டால் பிராசசர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும், நீலத்திரை வராமலே ரெண்டர் நேரம் மட்டும் நீளும். லோடில் மல்டிப்ளையர் 45-லிருந்து திடீரென்று இறங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஓவர்கிளாக் செய்த பிராசசர் 98 வரை காத்திருப்பதில்லை, 80-ஐத் தாண்டியதுமே கணக்குத் தப்பத் தொடங்கலாம். நான் மத்தியான லோடில் 75-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன்.

அன்று கேஸைத் திறந்ததும் சாம்பிராணி வாசம் வந்தது. கணினி மேசை சாமி மேடைக்குப் பக்கத்தில். வெள்ளிக்கிழமை தோறும் போடுகிற சாம்பிராணிப் புகையும், தோட்டத்துச் செம்மண் தூசியும் சேர்ந்து ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி படிந்திருந்தது. ஊதினால் போகவில்லை. விசிறியைக் கழற்றி, தகட்டை வெளியே எடுத்து, பழைய பல்துலக்கியும் ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலும் வைத்து ஒவ்வொரு இடுக்காகத் தேய்க்க அரை மணி நேரம் ஆனது. அடியில் இருந்த தெர்மல் பேஸ்ட் வெயிலில் காய்ந்த வயல் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதைச் சுரண்டித் துடைத்து, நடுவில் ஒரு பச்சைப்பயறு அளவு புதுப் பேஸ்ட் வைத்து அழுத்தினோம்.

பொருத்தும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று போர்டுக்கு அந்தப் பக்கம் முழுவதும் இறங்கவே இல்லை. மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால்தான், மூன்று கால்களில் வெள்ளை நுனி விரிந்து கறுப்பு ஆணி நடுவே தெரியும், நான்காவதில் வெள்ளை நுனி ஓட்டைக்குள்ளேயே சுருங்கி நிற்கும். ஹீட்சிங்கை லேசாக ஆட்டினால் அந்த மூலை மட்டும் மயிரிழை அளவு எழும்பும். எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி, "டக்" என்று சத்தம் கேட்கும் வரை அழுத்த வேண்டும். லோடில் 93 டிகிரி போய்க்கொண்டிருந்த மெஷின், சுத்தம் செய்து அந்தக் கால் இறங்கியதும் அதே 35 டிகிரி அறையில் 81-க்கு வந்தது. ஒரு வோல்டேஜையும் தொடவில்லை.

ஐவி பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாண்டி பிரிட்ஜில் சில்லுக்கும் மேல் உலோக மூடிக்கும் நடுவே ஈயப்பற்று மாதிரி உலோகத்தால் இணைத்திருப்பார்கள், ஐவி பிரிட்ஜில் அங்கே வெறும் பேஸ்ட்தான். அதனால் 3570கே அதே வேகத்தில் கூடுதல் சூடு காட்டுவது இயல்பு, உங்கள் கைத்தவறு என்று நினைத்து மறுபடி மறுபடி கழற்றி மாட்ட வேண்டாம். வேகத்தில் 100, 200 மெகாஹெர்ட்ஸ் குறைத்துக்கொள்ளுங்கள்.

லோடில் ஒன்றும் ஆகவில்லை, சும்மா இருக்கும்போது நின்றுவிடுகிறது

இது பலரைக் குழப்பும். இரவு முழுக்க ரெண்டர் ஓடும், காலையில் முகநூலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உறைந்துபோகும். பெரும்பாலும் ஆஃப்செட் முறையில், அதாவது பிராசசர் தானாகக் கேட்கிற அளவிலிருந்து கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வோல்டேஜ் வைத்தவர்களுக்குத்தான் இது நடக்கும். வேலை இல்லாதபோது பிராசசர் 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கும், வோல்டேஜும் கூடவே இறங்கும். நீங்கள் லோடுக்காக மைனஸ் ஆஃப்செட் கொடுத்திருந்தால் கீழே அது அளவுக்கு மீறி இறங்கிவிடும். ஆஃப்செட்டைச் சுழியத்துக்குப் பக்கமாகக் கொண்டுவந்து, லோடு இறக்கத்தை லோட் லைன் கேலிப்ரேஷனில் ஒரு படி மாற்றிப் பாருங்கள். சோதிக்க வேண்டுமென்றால் பயாஸில் சி3, சி6 என்கிற தூக்க நிலைகள் இரண்டையும் தற்காலிகமாக அணைத்து ஒரு நாள் ஓட்டுங்கள், நின்றுவிடுவது போய்விட்டால் காரணம் அங்கேதான்.

2013-ல் வந்த ஹாஸ்வெல் பிராசசரைப் பழைய பவர் சப்ளையோடு போட்டிருப்பவர்களும் இதையே பாருங்கள். அது ஆழ்ந்த தூக்கத்தில் 12 வோல்ட் லைனில் 0.05 ஆம்பியர் வரை இறங்கும், சில பழைய பவர் சப்ளைகளுக்கு அவ்வளவு குறைந்த லோடில் நிலையாக நிற்கத் தெரியாது.

பிரைம் எட்டு மணி நேரம் பாஸ், ஆனால் கேம் மட்டும் வெளியே தள்ளுகிறது

அப்படியானால் பிராசசரை விட்டுவிட்டு ரேமையும் கிராஃபிக்ஸ் கார்டையும் பாருங்கள். 116 என்று வந்தால் கிராஃபிக்ஸ் பக்கம். ரேமுக்கு மெம்டெஸ்ட்86+ ஒரு பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட்டுங்கள், குறைந்தது நான்கு சுற்று, ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பழைய கடைகளில் கிடைக்கிற டிடிஆர்3 ரேம்களில் சில 1.65 வோல்ட் கேட்கும், அவை அதற்கு முந்தைய தலைமுறை போர்டுகளின் காலத்தில் விற்றவை. சாண்டி பிரிட்ஜுக்கு இன்டெல் சொன்னது 1.5 வோல்ட், மேலே 5 சதவீதம் வரை. எக்ஸ்எம்பி-யை இயக்கியதும் போர்டு பேசாமல் 1.65 வைத்துவிடும், மெமரி கண்ட்ரோலர் பிராசசருக்குள்ளேயே இருப்பதால் அடி அதற்குத்தான் விழும். அந்த மாதிரி ரேம் இருந்தால் 1333-ல் 1.5 வோல்ட்டில் ஓட்டுங்கள். வீடியோ வேலையில் வித்தியாசமே தெரியாது.

பிரைமில் ஸ்மால் எஃப்எஃப்டி தாங்கி, ரேமையும் சேர்த்து வாட்டுகிற "பிளெண்ட்" மட்டும் விழுகிறதா? அதுவும் ரேம் அல்லது மெமரி கண்ட்ரோலர்தான். அப்புறம், பேஸ் கிளாக்கை யாராவது 100-லிருந்து ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தத் தலைமுறையில் சாட்டா, யுஎஸ்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் எல்லாம் அதே கிளாக்கில் தொங்குகின்றன, 103, 105-ஐத் தாண்டினாலே டிஸ்க் காணாமல் போவது, யுஎஸ்பி விட்டு விட்டு வருவது எல்லாம் நடக்கும். கே பிராசசரில் மல்டிப்ளையர் திறந்திருக்கும்போது அதைத் தொட அவசியமே இல்லை, 100-லேயே விடுங்கள்.

நீலத்திரைகூட வராமல் பட்டென்று அணைகிறது

விண்டோஸ் நடந்ததைப் பதிந்து வைக்கிற ஈவென்ட் வியூவரில் "கர்னல் பவர் 41" என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். முறையாக அணைக்காமல் அணைந்தது என்பது மட்டும்தான் அதன் பொருள். அதற்கு முன்னால் "டபிள்யூஎச்இஏ லாகர்" என்ற பெயரில் 19-ஆம் எண் எச்சரிக்கைகள் வரிசையாக இருக்கின்றனவா என்று தேடுங்கள். அவை பிராசசர் தப்பு செய்து தானே திருத்திக்கொண்டவை. மெஷின் வெளியே நன்றாக ஓடுகிற மாதிரி தெரிந்தாலும் அந்த 19 வந்துகொண்டிருந்தால் வோல்டேஜ் நூலிழையில் நிற்கிறது என்று பொருள். ரெண்டர் ஓடி முடிந்ததும் இதைப் பார்க்கிற பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், நீலத்திரைக்கு முன்னாலேயே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

19 எதுவும் இல்லை, வெறும் 41 மட்டும் என்றால் பவர் பக்கம் வாருங்கள். போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கான 8 முள் கனெக்டர் முழுதாக மாட்டியிருக்கிறதா? 4 முள் மட்டும் மாட்டி 4.5-ல் ஓட்டியவர்கள் உண்டு, அந்த வயர் தொட்டால் சுடும். போர்டில் பிராசசரைச் சுற்றி இருக்கிற வோல்டேஜ் ரெகுலேட்டர்கள் மேல் ஒரு சின்ன விசிறியைக் காட்டினால் அணைவது நிற்கிறதா என்று பாருங்கள். கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்தப் போர்டை ஓவர்கிளாக்கிலிருந்து ஓய்வு கொடுத்துவிடுங்கள். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி எறிகிற மின்சாரம் தங்கியிருக்கும். சந்தேகம் என்றால் தெரிந்தவரிடமிருந்து நல்ல பவர் சப்ளை ஒன்றை இரண்டு நாள் வாங்கி மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் நிச்சயமான சோதனை.

எங்கள் பக்கம் மத்தியான மழைக்கு முன்னால் லைட் ஒரு கணம் மங்கி எரியும். அந்தக் கணத்தில் மெஷின் ரீஸ்டார்ட் ஆனால் உங்கள் செட்டிங் குற்றவாளி இல்லை. ஒரு யுபிஎஸ் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். இடி இடிக்கத் தொடங்கினால் சோதனையை நிறுத்தி, பிளக்கையும் இணையக் கேபிளையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள்.

தூங்கப் போனால் எழுவதில்லை

ஸ்லீப் போட்டு எழுப்பினால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். சாண்டி பிரிட்ஜில் "இன்டர்னல் பிஎல்எல் ஓவர்வோல்டேஜ்" என்று ஒன்று உண்டு, மிக உயர்ந்த மல்டிப்ளையருக்கு உதவுவதற்காக வைத்தது. அதை இயக்கினால் தூக்கத்திலிருந்து எழுவதில் இந்தத் தகராறு வரும். 45-க்குக் கீழே இருப்பவர்களுக்கு அநேகமாக அது தேவைப்படாது, அணைத்துவிடுங்கள்.

கோர் 2 குவாட் வைத்திருப்பவர்களுக்கு

கியூ6600 இன்னும் ஓடுகிற வீடுகள் இருக்கின்றன, நல்ல பிராசசர். இதில் மல்டிப்ளையர் 9-க்கு மேல் போகாது, எஃப்எஸ்பி-யைத்தான் (பிராசசரையும் போர்டையும் இணைக்கிற பாதையின் கிளாக்கை) ஏற்ற வேண்டும், 266-லிருந்து 333-க்கு ஏற்றினால் 3.0 கிகாஹெர்ட்ஸ். அப்படி ஏற்றும்போது ரேமும், போர்டில் இருக்கிற நார்த்பிரிட்ஜ் சில்லும் சேர்ந்து ஏறுவதால் விழுவது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மல்டிப்ளையரை 6-க்கு இறக்கி எஃப்எஸ்பி-யை மட்டும் 333 வையுங்கள், பிராசசர் 2.0-ல் சும்மா இருக்கும். அப்போதும் விழுந்தால் காரணம் போர்டோ ரேமோதான். ரேமை எஃப்எஸ்பி-யோடு 1:1 விகிதத்தில் வைத்து, பிசிஐ எக்ஸ்பிரஸ் கிளாக்கை ஆட்டோவில் விடாமல் 100-ல் பூட்டிவிடுங்கள்.

பல வருடம் ஓடிய அதே செட்டிங் இப்போது நிற்கவில்லை

2014-ல் 1.30 வோல்ட்டில் 4.5 ஓடியது, இன்று அதே எண்ணில் 101 வருகிறது. சுத்தம் செய்தாகிவிட்டது, பேஸ்ட் புதிது, ரேம் பாஸ். அப்படியானால் சில்லு வயதாகிவிட்டது. அதிக வோல்டேஜிலும் சூட்டிலும் வருடக்கணக்கில் ஓடினால் உள்ளே இருக்கிற மெல்லிய கம்பிகளும் டிரான்சிஸ்டர்களும் மெல்ல மெல்லத் தேயும், அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். போர்டின் கெப்பாசிட்டரும் கூடவே வயதாகியிருக்கும். இந்த நிலையில் வோல்டேஜை ஏற்றி 4.5-ஐப் பிடித்து வைத்தால் தேய்மானம் இன்னும் வேகமாகும். 200, 300 மெகாஹெர்ட்ஸ் இறக்குவதுதான் அதற்குச் செய்கிற மரியாதை. 2500கே-வின் டிஃபால்ட் டர்போ, அதாவது தானாக ஏறுகிற உச்ச வேகம், 3.7 என்பதை நினைத்துப் பாருங்கள், 4.2 என்றாலும் இன்னும் உயரத்தில்தான் இருக்கிறீர்கள்.

எந்த அறிகுறி வந்திருந்தாலும், எல்லாம் சரியான பிறகு விண்டோஸின் சிஸ்டம் ஃபைல் செக்கரையும் டிஸ்க் செக்கையும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். நிலையில்லாமல் ஓடிய நாட்களில் எழுதப்பட்ட கோப்புகள் கெட்டிருக்கலாம், அதனால் வருகிற கோளாறை ஓவர்கிளாக் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

தம்பியின் மெஷினை 4.2-க்கு இறக்கி, பயாஸில் 1.255 வோல்ட் வைத்தோம். மேசையைச் சாமி மேடையிலிருந்து எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். இரவில் சோதிக்கவே இல்லை. மூன்று நாள், மத்தியானம் இரண்டு முதல் ஐந்து வரை, மேசை மேல் வெப்பமானியோடு ஏவிஎக்ஸ் பிரைம். மூன்றாம் நாள் மூன்றரை மணிக்கு அவர் அனுப்பிய படத்தில் அறை 35, நான்கு கோர்களில் உச்சம் 73, நான்கு வொர்க்கரும் ஓடிக்கொண்டிருந்தன. கீழே ஒரு வரி: "அண்ணே, மாரியம்மன் கோயில் வீடியோ இப்பவே போடவா?" ஈவென்ட் வியூவரில் 19 ஒன்றும் இல்லையே என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார். போடச் சொன்னேன்.